சங்கு முத்திரையும் கோபுர முத்திரையும்

திருவிதாங்கூரின் கடைசி ராஜா சித்திரைத் திருநாள் பலராம வர்மாவைப் பற்றி எதை எடுத்துப் படித்தாலும் ஒரே வரியில்தான் வந்து நிற்கும்: கோயிலைத் திறந்துவிட்ட ராஜா. 1936 நவம்பர் 12ஆம் தேதி, தன் பிறந்தநாளை ஒட்டி ஒரு பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார். காலங்காலமாகச் சாத்திக் கிடந்த கதவு திறந்தது. காந்தி வந்து பாராட்டினார். கதை முடிந்தது. இந்தக் கதையில் தலித்துகளுக்கு ஒரே ஒரு வேசம்தான் கொடுத்திருக்கிறார்கள். கண்ணீர் மல்கக் கும்பிட்டுக்கொண்டு உள்ளே போகிற வேசம்.

நான் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் ஒரு சேரியில் பிறந்தவன். ‘உனக்கும் திருவிதாங்கூர் ராஜாவுக்கும் என்னப்பா சம்பந்தம்’ என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கு. எங்க ஊர்ல நின்னு மேற்கே பாத்தா தெரியிற மலைக்கு அந்தப் பக்கம் அவரோட ராச்சியம். தெற்கே தென்காசி ரோட்டில் போனால் சுமார் 65 கிலோமீட்டரில் செங்கோட்டை. 1956 வரைக்கும் அதுவும் திருவிதாங்கூரைச் சேர்ந்த ஊர்தான். எங்கள் தெருவில் பாதிக் குடும்பம் அந்த மலை ஏறிப் பிழைத்த குடும்பம். ராஜாவின் வரலாற்றை அரண்மனை வாசலில் இருந்து நிறைய பேர் எழுதிவிட்டார்கள். எஸ்டேட்டு லயத்து வாசலில் இருந்து பார்த்தால் அது எப்படித் தெரிகிறது என்று சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ராஜாவின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1912 நவம்பர் 7இல் பிறந்தார். 1924 ஆகஸ்டில் மூலம் திருநாள் ராஜா இறந்தபோது இவருக்குப் பன்னிரண்டு வயசுகூட நிறையவில்லை. பெரியம்மா முறையான சேது லட்சுமி பாய் 1931 வரை பொறுப்பு ராணியாக இருந்தார். 1931 நவம்பர் 6இல் இவர் கைக்கு அதிகாரம் வந்தது. தாயார் சேது பார்வதி பாய், ஆலோசகராக வந்து 1936 அக்டோபரில் திவானான சர் சி.பி. ராமசாமி ஐயர் இந்த இரண்டு பேரையும் விட்டுவிட்டு இவரது ஆட்சியைப் பேச முடியாது. 1937இல் பல்கலைக்கழகம், 1940இல் பள்ளிவாசல் நீர்மின் திட்டம், 1944இல் மரண தண்டனை ஒழிப்பு என்று பட்டியல் உண்டு. இல்லை என்று சொல்லவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் இவ்வளவு நடந்த காலத்தில் இந்தப் பக்கம் எங்க ஜமீன்தார்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று பார்த்தால் ராஜாவே மேல் என்றுதான் தோன்றும். ஆனால் நல்ல ராஜாவா கெட்ட ராஜாவா என்பது நம்முடைய கேள்வி இல்லை. கையெழுத்துக்கு முன்னால் யார் யார் கையில் ரத்தம் வந்தது, கையெழுத்துக்குப் பிறகு யார் கைக்கு என்ன வந்தது என்பதுதான் கேள்வி.

திருவிதாங்கூர் ராஜாக்களுக்குப் ‘பத்மநாபதாசன்’ என்று ஒரு பட்டம் உண்டு. 1750இல் மார்த்தாண்ட வர்மா தன் ராச்சியத்தையே திருவனந்தபுரம் பத்மநாப சாமிக்கு எழுதிவைத்துவிட்டு, சாமியின் அடிமையாக இருந்து ஆள்வதாக அறிவித்தார். அன்றிலிருந்து ராஜாவுக்குப் பெயர் அடிமை. அதே ராச்சியத்தில் புலையர்களும் பறையர்களும் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள், அடகு வைக்கப்பட்டார்கள், குத்தகைக்கு விடப்பட்டார்கள். அந்த அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்தது 1855இல்தான். ராஜா பட்டமாகச் சூடிக்கொண்ட வார்த்தையை நம்மாட்கள் கழுத்தில் கயிறாகச் சுமந்தார்கள். சாமிக்கு அடிமையானவன் சிம்மாசனத்தில் உட்கார்ந்தான். சாமியின் நிலத்துக்கு அடிமையானவன் சேற்றில் நின்றான்.

சேற்றில் நின்றவன் சும்மா நிற்கவில்லை. 1893இல் அய்யங்காளி வில்லுவண்டி கட்டி, புலையன் நடக்கக் கூடாத ரோட்டில் ஓட்டிக்கொண்டு போனார். அடிக்க வந்தவர்களைத் திருப்பி அடித்தார்கள். 1907இல் சாது ஜன பரிபாலன சங்கம் அமைத்தார். எங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் புல்தான் முளைக்கும் என்று விவசாயக் கூலிகளை வேலைநிறுத்தம் செய்ய வைத்தார். வயல்கள் தரிசாகக் கிடந்தன. ரஷ்யப் புரட்சிக்குப் பத்து வருசத்துக்கு முன்னால் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு புலையர் நடத்திய வேலைநிறுத்தம் அது. 1915இல் பெரிநாட்டில், அடிமைச் சின்னமாகப் போட்டிருந்த கல்லுமாலைகளை நம் பெண்கள் அறுத்து எறிந்தார்கள். 1924 மார்ச் 30இல் வைக்கம் போராட்டம் தொடங்கியது. கோயிலுக்குள்ளே போக இல்லை, கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்க! ஈரோட்டில் இருந்து பெரியார் போய் ஜெயிலில் இருந்தார். நாகம்மையும் போய் நின்றார். கோயில்களைச் சுற்றியுள்ள பொது ரோடுகளை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்று 1925 பிப்ரவரியில் சட்டசபையில் வந்த தீர்மானம் 21க்கு 22 என்று ஒரே ஒரு ஓட்டில் தோற்றது. தமிழ் பேசும் சுசீந்திரத்திலும் 1926இல் சத்தியாக்கிரகம் நடந்தது.

அப்புறம் வந்ததுதான் உண்மையான இடி. 1935 அக்டோபர் 13இல் இயோலாவில் அம்பேத்கர், ‘இந்துவாகச் சாக மாட்டேன்’ என்று அறிவித்தார். திருவிதாங்கூரில் அது வேறு மாதிரிக் கேட்டது. அங்கே ஏற்கனவே மூன்றில் ஒரு பங்கு கிறிஸ்தவர்கள். இந்துவாக இருக்கும்போது ரோட்டில் நடக்கக் கூடாதவன், ஞானஸ்நானம் வாங்கிய மறுநாள் அதே ரோட்டில் நடக்கலாம் என்பதை எல்லோரும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஈழவ இளைஞர்கள், நாங்கள் இந்து மதத்தை விட்டு வெளியேறுகிறோம் என்று கூட்டம் போட்டுப் பேசினார்கள். போதாததற்கு ஈழவர், கிறிஸ்தவர், முஸ்லிம் மூன்று பேரும் சேர்ந்து, சட்டசபையிலும் அரசு வேலையிலும் பங்கு கேட்டு நிவர்த்தனப் போராட்டம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அதன் தலைவர்களில் ஒருவரான சி. கேசவன் 1935இல் ஜெயிலுக்குப் போனார். ஈழவர் ஒட்டுமொத்தமாக மதம் மாறினால் ‘இந்து ராச்சியம்’ என்ற பேருக்கே அர்த்தம் இருக்காது. தலை எண்ணும் அரசியல் வந்துவிட்ட காலம் அது. 1932இல் கோயில் நுழைவு பற்றி விசாரிக்கக் குழு போட்டு வருசக்கணக்கில் இழுத்தவர்கள், சி.பி. திவானாகி ஐந்து வாரத்தில் பிரகடனத்தைக் கொண்டுவந்தார்கள் என்றால், அந்த அவசரம் எங்கிருந்து வந்தது? கதவுக்கு வெளியே நின்றவன், ‘நான் போறேன்’ என்று திரும்பி நடக்க ஆரம்பித்த பிறகுதான் கதவு திறந்தது.

ராஜாவின் பங்கை நான் மறுக்கவில்லை. பக்கத்தில் இருந்த கொச்சி ராஜாவுக்கும் இதே நெருக்கடிதான். ஆனால் அங்கே 1947 - 48 வரை கதவு திறக்கவில்லை. அந்த அளவுக்கு இருபத்து நான்கு வயது இளைஞனான சித்திரைத் திருநாளுக்குத் துணிச்சல் இருந்தது. இந்தப் பக்கம் அதன் எதிரொலியும் கேட்டது. 1939 ஜூலை 8இல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் கக்கனும் மற்றவர்களும் வைத்தியநாத ஐயரோடு போனார்கள். 1947இல் சென்னை மாகாணம் முழுமைக்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. சட்டம் எங்க ஊருக்கும் வந்தது. ஆனா எங்க தெருவுக்கு வந்து சேர எத்தனை வருசம் ஆச்சுன்னு கேட்டா, இன்னும் வழியில வந்துக்கிட்டு இருக்குன்னு எங்க பெருசுக சிரிப்பாங்க.

1937 ஜனவரியில் காந்தி திருவிதாங்கூர் முழுக்கச் சுற்றி, திறந்த கோயில்களுக்குப் போனார். வெங்ஙானூரில் அய்யங்காளியைச் சந்தித்தார். அப்போது அய்யங்காளி தன் ஆசையாகச் சொன்னது, என் மக்களில் பத்துப் பேர் பி.ஏ. படித்ததைப் பார்க்க வேண்டும் என்பது என்று சொல்கிறார்கள். திறந்த கதவின் முன்னால் நின்றுகொண்டு அந்தக் கிழவர் கேட்டது படிப்பு. அதற்கு முன்னால் பிரஜா சபையில் எழுந்து அவர் திரும்பத் திரும்பக் கேட்டது நிலம். புறம்போக்காகக் கிடக்கிற புதுவல் நிலத்தை எங்களுக்குக் கொடுங்கள் என்று கேட்டார். கோயில் கதவைத் திறக்க ஒரு கையெழுத்து போதும். ஒருத்தனுக்கும் நட்டமில்லை. நிலம் அப்படி இல்லையே. அதைக் கொடுக்கணும்னா ஒருத்தன்கிட்ட இருந்து எடுக்கணும். அந்தப் பிரகடனத்தில் ஒரு செண்டு நிலம்கூட இல்லை.

இப்போது மலை ஏறுவோம்.

பீர்மேட்டிலும் மூணாறிலும் காட்டை வெட்டிக் காப்பியும் தேயிலையும் போட்டது வெள்ளைக்காரக் கம்பெனிகள். நிலம் ராஜாவின் ஆளுகையில். கையும் காலும் எங்களுடையது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சங்கரன்கோவில் பக்கத்துச் சேரிகளுக்குக் கங்காணி வருவான். மழை பொய்த்த வருசமாகப் பார்த்து வருவான். முன்பணம் கொடுப்பான். பண்ணையாளாகக் கிடந்தவனுக்கு ரொக்கமாகக் கையில் பணத்தைப் பார்ப்பதே அதுதான் முதல் தடவை. வாங்கிவிட்டால் அடைகிற வரைக்கும் மலையை விட்டு இறங்க முடியாது. பறையர், பள்ளர், சக்கிலியர் என்று குடும்பம் குடும்பமாகப் போனார்கள். எங்க ஊர்ல இதுக்கு ‘மலையாளத்துக்குப் போறது’ன்னு பேரு. 1927இல் விருதுநகர் - தென்காசி ரயில் பாதை வந்த பிறகு சிலர் செங்கோட்டை வழியாகப் போனார்கள். பீர்மேட்டுக்குப் போனவர்கள் கம்பம் போய், குமுளி ஏறினார்கள்.

என் அம்மாவைப் பெற்ற அம்மாச்சி அப்படிப் போனவள்தான். பத்து வயசில் தன் அய்யா, ஆத்தாவோடு குமுளி மலையை நடந்தே ஏறியிருக்கிறாள். பீர்மேட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் நாற்பது வருசம் கொழுந்து எடுத்தாள். நான் விவரம் தெரிந்த பிறகு அவளிடம் கேட்டிருக்கிறேன்: ‘நீ அங்க இருக்கும்போதுதான அம்மாச்சி ராசா கோயிலத் தொறந்துவிட்டாரு. உனக்கு ஞாபகம் இருக்கா?’

‘ராசாவ நாங்க எங்கடா கண்டோம். கங்காணியக் கண்டோம், கணக்கப்பிள்ளையக் கண்டோம். தொறந்தாச்சுன்னு எப்பவோ பேசிக்கிட்டாக. அன்னைக்கும் வெள்ளன பெரட்டு இருந்துச்சு. அட்டக்கடியோட கொழுந்து எடுத்தோம். லயத்துல மாடசாமி கல்லு வச்சிருந்தோம். அதுக்கு எப்பவும் கதவே கெடையாது.’

இந்தப் பதிலை எத்தனையோ வரலாற்றுப் புத்தகங்களுக்குச் சமமாக நான் வைத்திருக்கிறேன். திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் மருமக்கத்தாய முறை. ராஜாவின் மனைவிக்கு ராணி என்ற பட்டம் கிடையாது, ‘அம்மச்சி’ என்றுதான் பெயர். பீர்மேட்டில் குட்டிக்கானத்துப் பக்கம் அரச குடும்பம் கோடைக்கு வந்து தங்கும் மாளிகைக்கு ‘அம்மச்சி கொட்டாரம்’ என்று பெயர். சித்திரைத் திருநாள் கல்யாணமே செய்துகொள்ளாதவர் என்பதால் அவர் காலத்தில் அந்தக் கொட்டாரத்துக்கு அவரால் ஒரு அம்மச்சி வரவில்லை. அதே மலையில் ஒரே அறையும் ஒரு அடுப்படியுமாக இருந்த லயத்தில் எங்க அம்மாச்சி ஆறு பிள்ளை பெற்றாள். அதில் மூன்றைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, அந்த மலையிலேயே புதைத்தாள்.

ராஜாவின் ஆட்சி முடிந்த விதத்தையும் பார்க்க வேண்டும். 1946 அக்டோபரில் புன்னப்புராவிலும் வயலாரிலும் கயிற்றுத் தொழிலாளிகளும் விவசாயக் கூலிகளும் திவான் ஆட்சியை எதிர்த்துக் கிளம்பினார்கள். ராஜாவின் பட்டாளம் சுட்டது. நூற்றுக்கணக்கில் செத்தார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் ஈழவரும் தலித்துமான ஏழைகள். பத்து வருசத்துக்கு முன்னால் ராஜா யாருக்குக் கோயிலைத் திறந்தாரோ அதே ஆட்கள். சாமி கும்பிடலாம், கூலியும் ஓட்டும் கேட்கக் கூடாது என்பது அதற்கு அர்த்தம். 1947 ஜூனில், திருவிதாங்கூர் இந்தியாவோடு சேராது, தனி நாடு என்று சி.பி. அறிவித்தார். ஜூலை 25இல் ஒரு கச்சேரிக்குப் போன இடத்தில் அவருக்கு வெட்டு விழுந்தது. ஒரு வாரத்துக்குள் ராஜா இந்தியாவோடு சேர ஒத்துக்கொண்டார். 1949 ஜூலை 1இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. ராஜா ‘ராஜப்பிரமுகர்’ ஆனார், 1956 அக்டோபர் வரை இருந்தார்.

எங்க ஊரில் ராஜா என்பது ஒரு சாதியின் பெயர். 1949 ஏப்ரல் 6இல் ராஜபாளையத்துக்காரரான பி.எஸ். குமாரசாமி ராஜா சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அந்தப் பக்கம் ஒரு ராஜா இறங்குவதற்கு மூன்று மாசம் முன்னால் இந்தப் பக்கம் ஒரு ராஜா ஏறினார். தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். நல்ல மனிதர் என்றுதான் எங்கள் தெருவிலும் சொல்வார்கள். ஆனால் இரண்டு பக்கமும் ராஜா மாறினாலும் நடுவில் மலையில் பெரட்டு மாறவில்லை.

மன்னர் மானியமாகத் திருவிதாங்கூர் ராஜாவுக்கு வருசத்துக்கு 18 லட்சம் ரூபாய் ஒதுக்கினார்கள். 1971இல் இந்திரா காந்தி அரசு மன்னர் மானியத்தை ஒழித்தது. 1970இல் கேரளத்தில் நிலச் சீர்திருத்தம் அமலுக்கு வந்தது. உச்சவரம்பில் இருந்து தோட்டங்களுக்கு விலக்கு அளித்துவிட்டார்கள். வயலில் வேலை செய்த கூலிக்குக் குடியிருந்த மனையாவது கிடைத்தது. லயத்தில் இருந்தவனுக்கு அதுவும் இல்லை. வேலையில் இருக்கிற வரைக்கும்தான் லயம். ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். ராஜா போனார், மானியம் போனது, எஸ்டேட்டு மட்டும் அசையவில்லை. 2015 செப்டம்பரில் மூணாறில் பெண்கள் கட்சியையும் சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டு ரோட்டில் உட்கார்ந்தபோது அவர்களின் தினக்கூலி 232 ரூபாய். அந்தப் பெண்களில் மிகப் பலர் நம் வீட்டுப் பெண்களின் பேத்திகள்.

1991 ஜூலையில் சித்திரைத் திருநாள் இறந்தார். 2011இல் பத்மநாப சாமி கோயிலின் நிலவறைகளைத் திறந்தபோது லட்சம் கோடி ரூபாய் பெறும் என்று பத்திரிகைகள் எழுதின. அந்தப் புதையலைத் தொடாமல் காத்தார்கள் என்று ராஜ குடும்பத்தைப் புகழ்ந்தார்கள். அந்தத் தங்கம் எந்த வயல் நெல்லில் இருந்து, எந்த வரியில் இருந்து, எவன் முதுகில் இருந்து வந்தது என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். 2020 ஜூலை 13இல் உச்ச நீதிமன்றம், கோயில் நிர்வாகத்தில் ராஜ குடும்பத்துக்குப் பரம்பரை உரிமை தொடர்கிறது என்று தீர்ப்பளித்தது. ஆட்சி போய் எழுபது வருசம் ஆன பிறகும் ராஜாவின் வாரிசு என்ற பாத்தியதை செல்லும்.

சரி, கூலியின் வாரிசுக்கு?

1950 ஆகஸ்ட் 10இல் பட்டியல் சாதிகள் பற்றிய குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. அந்தத் தேதிக்கு முன்பே உன் முன்னோர் இந்த மாநில எல்லைக்குள் குடியிருந்தார்கள் என்று காட்டினால்தான் இங்கே நீ பட்டியல் சாதி. என் தாய்மாமன் பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுச் சாதிச் சான்றிதழுக்காக அந்தப் பக்கத்துத் தாலுகா ஆபீஸ் ஒன்றுக்கு நடந்தாள். ‘1950க்கு முன்னால உங்க ஆட்கள் இங்க இருந்ததுக்கு ஆவணம் எங்கே’ என்றார்கள். லயத்தில் இருந்தவனுக்கு ஏது பட்டா, ஏது வரி ரசீது? இந்தப் பக்கம் வந்தாள். ‘நீ பிறந்தது படித்தது எல்லாம் கேரளா, அங்கே போய்க் கேள்’ என்றார்கள். தொண்ணூறு வருசமாகத் தீண்டத்தகாதவர்களாகவே இருந்த குடும்பம், சலுகை என்று வரும்போது எந்தச் சாதியும் இல்லாத குடும்பமாக நின்றது. அவள் நர்சிங் படிக்கவில்லை. கொழுந்து எடுக்கப் போனாள்.

தேவிகுளம் தனித் தொகுதியில் 2021இல் ஜெயித்த ஏ. ராஜா என்ற தமிழ்த் தலித் எம்.எல்.ஏ.வின் தேர்தலை 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளி, அவர் தேர்தல் செல்லும் என்றது. மதம் பற்றிய கேள்வியோடு அந்த வழக்கில் இருந்த இன்னொரு கேள்வி, அவருடைய தாத்தா பாட்டி 1950க்கு முன்பே அந்த மண்ணில் குடியிருந்தார்களா என்பது. பேரும் ராஜாதான் என்பதைக் கவனியுங்கள். ஒரு எம்.எல்.ஏ. தன் பாட்டி எஸ்டேட்டில் வேலை பார்த்ததை நிரூபிக்க டில்லி வரைக்கும் போக வேண்டியிருந்தது. என் மாமன் பேத்தி யாரை வைத்து வழக்காடுவாள்?

எங்களைப் போன்றவர்களின் பீரோவில் இரண்டு விதமான சர்க்கார் தாள் இருக்கும். தமிழக அரசின் தாளில் கோபுர முத்திரை. அது ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் கோபுரம் என்று எங்க ஊரே பெருமைப்படும். கேரள அரசின் தாளில் இரண்டு யானைகள் காவல் நிற்கும் சங்கு. திருவிதாங்கூர் ராஜாக்களின் முத்திரையில் இருந்து வந்த சங்கு அது, பத்மநாப சாமியின் சங்கு. நம் முன்னோர் உள்ளே போகக் கூடாது என்று நிறுத்தப்பட்ட இரண்டு கோயில்களின் அடையாளம்தான், நாம் யார் என்று சொல்லும் தாள்களின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டில் ஒன்று விழுந்தால்தான் நம் பிள்ளை காலேஜ் வாசலைத் தாண்ட முடியும். இன்றைக்குத் திறக்க வேண்டிய கதவு அங்கே இருக்கிறது.

பழைய பெரட்டுப் புத்தகங்களும் கங்காணிகளின் பற்று ஏடுகளும் எஸ்டேட் ஆபீசுகளில், குடோன்களில் கரையான் அரித்துக் கிடக்கின்றன. நம் ஆத்தாக்களின் பேர் எழுதியிருப்பது அவற்றில் மட்டும்தான். ராஜ வம்சத்தின் ஓலைகளுக்கு ஆவணக் காப்பகம் உண்டு, அதைப் படிக்க ஆராய்ச்சியாளர்கள் உண்டு. இந்த ஏடுகளை இரண்டு அரசும் கைப்பற்றிப் பாதுகாக்க வேண்டும், அதில் உள்ள ஒரு பெயரையே ஆதாரமாக ஏற்றுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். நம் தெருக்களில் மலையாளத்துக்குப் போன கிழவிகள் இன்னும் ஒன்றிரண்டு பேர் உயிரோடு இருக்கிறார்கள். எந்த வருசம், எந்த எஸ்டேட்டு, எந்தக் கங்காணி என்று கேட்டு எழுதி வையுங்கள். தேதி தெரியாவிட்டால், ‘ராசா கோயிலத் தொறந்ததுக்கு முன்னாடியா பின்னாடியா’ என்று கேளுங்கள். அந்தக் கையெழுத்து அதற்காவது நமக்குப் பயன்படட்டும்.